பதினாறாம் குழியருகே ஒரு பள்ளம்

ஃபெர்கஸ் இம்ரி கோல்ஃப் சாம்பியன் ஆனதில் பிட்காரோவில் ஒருவருக்கும் வயிற்றெரிச்சல் இல்லை. எங்கள் ஊரில் இது லேசுப்பட்ட விஷயம் அல்ல. ஒருத்தன் புதுக் கார் வாங்கினால்கூட, "ஓடுதா?" என்று இழுத்துக் கேட்கிற ஊர் இது. ஆனால் ஃபெர்கஸுக்கு மீன்கடைக்காரர் முதல் பாதிரியார் வரை தேடி வந்து கைகொடுத்தார்கள். காரணம், அவன் நல்லவன் என்று பெயர் எடுத்தவன். நாற்பது வருஷமாக இந்தக் கடலோர மைதானத்தில் ஆடுகிறான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு போட்டியில், மட்டையைப் புல்லில் ஊன்றும்போது பந்து ஒரு கடுகளவு அசைந்துவிட்டது என்று தானே சொல்லி, தன் கணக்கில் ஓர் அடியைக் கூட்டிக்கொண்டு, அந்த ஓர் அடியிலேயே தோற்றான். யாரும் பார்க்கவில்லை. அவனாகச் சொன்னதுதான்.

அந்த நல்ல பெயர்தான் இப்போது அவன் தொண்டையில் முள்ளாக நின்றது.

நடந்தது இதுதான். 2018 ஜூலைக் கடைசி சனிக்கிழமை, இறுதி ஆட்டம். எதிரே ஆடப்போவது டூகல் ஸ்மீட்டன், ஊர்த் தபால்காரன். மூன்று முறை இறுதிவரை வந்து, மூன்று முறையும் எதிராளிக்குக் கைகொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனவன். ஃபெர்கஸும் அவனும் பத்தொன்பது வருஷமாக ஞாயிறு தவறாமல் காலை எட்டரைக்குச் சேர்ந்து ஆடுகிறவர்கள். இருவருக்கும் ஐம்பதைத் தாண்டிவிட்டது. இனி இப்படி ஒரு வாய்ப்பு வராது என்று இருவருக்குமே தெரியும்.

அன்று காலை ஆறு மணிக்கு ஃபெர்கஸ் தன் நாய் டாட்டியைக் கூட்டிக்கொண்டு மைதானத்து ஓரமாக நடந்தான். எங்கள் மைதானம் ஊருக்குப் பொது. கோல்ஃப்காரர்கள் வரும் முன் நாய்கள் வந்துவிடும். டாட்டி ஒரு சின்ன, பரட்டைத்தலை நாய். முயல் வாசனை பிடித்தால் அதற்கு அப்பன் ஆத்தாள் தெரியாது. பதினாறாம் குழிக்குப் போகிற வழியில், வலதுபக்க முட்புதர் ஓரத்தில் மூக்கை வைத்தது. அப்புறம் முன்னங்கால் இரண்டாலும் மண்ணை வாரிப் பின்னங்கால் வழியாக எறிந்து, ஒரு வாளி கொள்கிற அளவுக்குப் பள்ளம் தோண்டிவிட்டது. முயலும் இல்லை, கியலும் இல்லை. ஃபெர்கஸ் சீட்டியடித்தான்.

நாய் பள்ளம் தோண்டினால் நாய்க்காரன் காலால் மண்ணைத் தள்ளி மூடி, மிதித்துவிட்டுத்தான் நகர வேண்டும். இது எங்கள் ஊரில் எழுதி வைக்காத சட்டம். குழந்தைக்கு மூக்குத் துடைத்துவிடுகிற மாதிரி, யோசிக்காமலே செய்வோம். அன்றைக்கு அவன் செய்யவில்லை. மனசு முழுக்க இறுதி ஆட்டம். வந்து மூடிக்கொள்ளலாம் என்று போய்விட்டான்.

மத்தியானம் கடல் மூட்டம் இறங்கிவிட்டது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லாம் சூடான இறைச்சிப் பணியாரமான பிரைடியைக் கடித்துக்கொண்டு கோல்ஃப் சங்கக் கட்டடத்து ஜன்னலோரமாக ஒதுங்கிவிட்டார்கள். மைதானத்தில் இவர்கள் இரண்டு பேர் மட்டும்தான். மொத்தம் பதினெட்டுக் குழி; குறைந்த அடியில் பந்தைக் குழிக்குள் போட்டவனுக்கு அந்தக் குழி. பதினைந்து முடிந்தபோது சரிக்குச் சமம்.

பதினாறில் ஃபெர்கஸ் அடித்த பந்து வலதுபக்கம் சாய்ந்து ஓடியது. டூகலின் பந்து நடுப் புல்லில் அழகாக நின்றது. ஃபெர்கஸ் புதர்ப் பக்கம் போய்ப் பார்த்தான். பந்து டாட்டியின் பள்ளத்துக்குள் உட்கார்ந்திருந்தது.

கோல்ஃப் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பந்து கிடக்கிற இடத்தில் கிடக்கிறபடி அடிக்க வேண்டும் என்பதுதான் இந்த ஆட்டத்தின் தாய்ச் சட்டம். ஆனால் சில இடங்களில் தண்டனை இல்லாமல் பந்தைக் கையால் எடுத்து, பக்கத்தில் நல்ல இடத்தில் போட்டுக்கொள்ளலாம். அதற்கு இலவச நிவாரணம் என்று பெயர். முயல், அகழெலி மாதிரி மண்ணுக்குள் வளை தோண்டி வாழ்கிற பிராணிகளின் பள்ளத்துக்கு அந்த நிவாரணம் உண்டு. நாய் வாழ்வதற்காகத் தோண்டுவதில்லை, கொழுப்பெடுத்துத் தோண்டுகிறது. ஆகவே அன்றைய சட்டப்படி நாய்ப் பள்ளத்துக்கு நிவாரணம் கிடையாது. உள்ளே கிடந்தால் உள்ளிருந்தே அடி. அப்படி அடித்தால் பந்து பத்தடிகூட நகராது. அந்தக் குழி டூகலுக்குப் போய்விடும்.

"கிடைச்சுதாப்பா?" மூட்டத்துக்குள்ளிருந்து டூகல் கத்தினான்.

"கிடைச்சுது!"

"எங்க?"

"முயல் வளைக்குள்ள!"

வாய் தவறி வந்துவிட்டது என்று பின்னால் பலமுறை தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தான். எடுபடவில்லை. டூகல் அங்கிருந்து நடந்து வர அறுபது காலடி ஆகியிருக்கும். அறுபது காலடிக்கும் ஃபெர்கஸ் அங்கேதான் நின்றான். 'டேய், இது என் நாய் தோண்டினதுடா' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. சுற்றிலும் முயல் புழுக்கை கிடந்ததா என்று கண்ணால் தேடினான். கிடந்தது. அதைப் பார்த்ததும் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றைக்கும் அவனுக்கு உடம்பு கூசுகிறது.

டூகல் வந்தான். மூட்டத்து ஈரம் சொட்டுகிற தொப்பியைக் கழற்றி உதறினான். குனிந்து பள்ளத்தைப் பார்த்தான். மூன்றடி தூரத்துக்கு விசிறிக் கிடந்த மண்ணைப் பார்த்தான். மீசையை இழுத்துவிட்டுக்கொண்டான். அப்புறம் ஃபெர்கஸின் முகத்தைப் பார்த்தான்.

"முயலா?"

"முயல்தான்."

"நீ முயல்னு சொன்னா முயல்தான்," என்றான் டூகல்.

ஃபெர்கஸ் பந்தை எடுத்துத் துடைத்தான். ஒரு மட்டை நீளத்தை அளந்தான். கையைத் தோள் உயரத்துக்கு நீட்டிப் பந்தைப் போட்டான். வெட்டிவிட்ட குட்டைப் புல்லில் விழுந்து, கம்பளத்தில் வைத்த முட்டை மாதிரி நின்றது. அங்கிருந்து அடித்தான். அவன் ஆயுளில் அடித்த நல்ல அடிகளில் அது ஒன்று. பந்து குழியின் கொடிக்கம்பத்திலிருந்து ஆறடியில் போய் நின்றது. அந்தக் குழி அவனுக்கு. பதினேழு சமம். பதினெட்டும் சமம். ஒரே ஒரு குழி வித்தியாசத்தில் சாம்பியன்.

கடைசியில் கைகொடுக்கும்போது டூகல் கையை விடவில்லை. "அப்புறம்?" என்றான்.

"நல்லா ஆடினே, டூகல்."

"ஆமா," என்று டூகல் கையை விட்டான்.

மறுநாள் விடியும் முன்னே ஃபெர்கஸ் போய் அந்தப் பள்ளத்தை மூடினான். காலால் தள்ளி, மிதித்து, பக்கத்துப் புல்லைப் பிடுங்கி மேலே வைத்துப் பார்த்தான். நேற்று மூடியிருக்க வேண்டியதை இன்று மூடுகிறவனைத் திருடன் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? அவனே அப்படித்தான் சொல்லிக்கொண்டான். டாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, தன் வேலையை இவன் எதற்குக் கெடுக்கிறான் என்பது போல் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த ஞாயிறு எட்டரைக்கு டூகல் வரவில்லை. முழங்கால் வலி என்று சொல்லியனுப்பினான். அடுத்த ஞாயிறும் முழங்கால் வலி. தினமும் எட்டு மைல் நடந்து தபால் கொடுக்கிறவனுக்கு ஞாயிறு மட்டும் எப்படி முழங்கால் வலிக்கும் என்று ஃபெர்கஸ் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

இதோடு போயிருந்தால்கூட மனிதன் எப்படியோ காலத்தைத் தள்ளியிருப்பான். ஆனால் அவன் தொழில் அவனை விடவில்லை. ஃபெர்கஸ் பெயர் எழுதுகிறவன். கடைப் பலகை, படகின் மூக்கு, பள்ளிக்கூட வாசல், எல்லாவற்றிலும் அவன் எழுத்துதான். சங்கத்துக் கூடத்தில், மது ஊற்றும் மேடைக்கு எதிர்ச் சுவரில், 1891 முதல் சாம்பியன்களின் பெயரைத் தாங்குகிற கருவாலிப் பலகை இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் ஜெயித்தவன் பெயரைத் தங்க ரேக்கு ஒட்டி எழுதுவது ஃபெர்கஸின் வேலை. 1971க்கு எதிரே அவன் அப்பா பெயர் இருக்கிறது. இப்போது அவன் பெயரை அவனே எழுத வேண்டும். நவம்பர் கடைசிக்குள் எழுதிவிடுவது வழக்கம்.

செப்டம்பரில் ரேக்கு வரவில்லை என்றான். அக்டோபரில் சுவர் ஈரம் என்றான். நவம்பரில் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

"இவ்வளவு அடக்கம் ஆகாதுய்யா," என்றார் சங்கத் தலைவர் கில்கிரைஸ்ட். கசாப்புக் கடைக்காரர், வாய் கொள்ளாத சிரிப்பு. "என் பேரா இருந்தா ராத்திரியோட ராத்திரியா நானே அடுப்புக்கரில எழுதிட்டுப் போயிருப்பேன்!"

டூகல் தினமும் காலை பத்து மணிக்குத் தபாலோடு கடைக்கு வருவான். டாட்டி அவன் காற்சட்டையைக் கவ்வப் பாயும். அவன் சலிக்காமல் பையைக் குறுக்கே பிடிப்பான். முன்பெல்லாம் பத்து நிமிஷமாவது நின்று ஊர்க்கதை பேசுவான். இப்போது கடிதத்தை மேசையில் வைப்பான், "எழுதியாச்சா?" என்பான். "இன்னும் இல்ல," என்பான் ஃபெர்கஸ். "சரி," என்று போய்விடுவான். அவ்வளவுதான். அதில் குத்தல் இருக்கிறதா இல்லையா என்று யோசித்து யோசித்தே ஃபெர்கஸ் இளைத்துப்போனான்.

அவன் மனைவி ஷீனாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "நாய ஏன் அப்படி முறைக்கிறீங்க? அது என்ன பண்ணிச்சு?" என்றாள் ஒருநாள்.

"ஒண்ணும் பண்ணல."

"நேத்துத் திட்டினீங்க. இன்னிக்கு என் தட்டுல இருந்த சாஸேஜ எடுத்து அதுக்குப் போடுறீங்க. ஏதோ சரியில்ல."

அவளிடம்கூட அவன் சொல்லவில்லை. சொன்னால் அவள் மன்னித்துவிடுவாள். அவள் மன்னிப்பது சுலபம், தோற்றது அவள் இல்லையே.

டிசம்பரில் ஒரு ஞாயிறு மத்தியானம் செயலாளர் மிஸ் நேர்ன் உறுப்பினர்களைக் கூட்டினார். ஊர்ப் பள்ளியின் பழைய தலைமை ஆசிரியை. கூடத்தில் பாதிப் பேர் அவரிடம் பிரம்படி வாங்கினவர்கள்தான். ஜனவரி முதல் தேதியிலிருந்து உலகம் முழுக்க கோல்ஃப் சட்டம் மாறப்போகிறது, புதுப் புத்தகம் வந்திருக்கிறது, வாசிக்கிறேன் கேளுங்கள் என்றார். பந்தைத் தோள் உயரத்திலிருந்து போட வேண்டாம், முழங்கால் உயரத்திலிருந்து போட்டால் போதும் என்றதும், "எனக்குக் குனிய முடியாதே மிஸ்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அவர் கண்ணாடிக்கு மேலே பார்த்ததும் அடங்கியது.

அப்புறம் அந்தப் பகுதிக்கு வந்தார். பிராணிகளின் பள்ளம். இனிமேல் வளை தோண்டி வாழ்கிற பிராணிதான் என்று இல்லை. புழு பூச்சி தவிர, எந்தப் பிராணி தோண்டிய பள்ளமானாலும் நிவாரணம் உண்டு. "நாயும் இதில் சேர்த்தி," என்றார் மிஸ் நேர்ன்.

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது.

"யோவ் ஃபெர்கஸ், உன் டாட்டிக்கு லைசென்ஸ் குடுத்துட்டாங்கய்யா!" என்று கில்கிரைஸ்ட் மேசையைத் தட்டினார். "இனி மைதானம் பூராத் தோண்டச் சொல்லு!"

எல்லாரும் திரும்பி ஃபெர்கஸைப் பார்த்துச் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். இருமல் மாதிரி வந்தது. ஐந்து மாதம்! ஐந்தே மாதம் கழித்து அந்த ஆட்டம் நடந்திருந்தால் அவன் பந்தை எடுத்தது நியாயம். ஒரு கணம் நெஞ்சு லேசாகிவிட்டது. தப்பே இல்லை போலிருக்கிறது என்று தோன்றியது. மறுகணமே, பள்ளத்தைப் பற்றித்தானே சட்டம் மாறியிருக்கிறது, 'முயல்' என்று சொன்னதைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் ஒன்றும் மாறவில்லையே என்ற நினைப்பு வந்தது. போன பாரம் வட்டியோடு திரும்பி வந்து உட்கார்ந்தது. ஜன்னலோரம் பார்த்தான். டூகல் சிரிக்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் பத்து மணிக்கு டூகல் கடை வாசலுக்கு வந்தான். டாட்டி பாய்ந்தது. ஃபெர்கஸ் அதைப் பிடித்து உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, வாசலில் நின்றபடியே சொன்னான்.

"டூகல், பதினாறாம் குழியில அது முயல் இல்ல."

டூகல் கையில் இருந்த கடிதத்தைக் கொடுக்கவில்லை, திரும்பப் பையிலும் போடவில்லை.

"டாட்டி தோண்டினது. அன்னிக்குக் காலைல நான் பாத்துக்கிட்டே நின்னேன். மூடாமப் போயிட்டேன். நீ கேட்டப்போ தெரிஞ்சேதான் முயல்னு சொன்னேன்."

"ம்."

"அவ்வளவுதானா? ம்-ங்கிற?"

"வேற என்ன சொல்லணும்? முப்பத்திநாலு வருஷமா போஸ்ட்மேனா இருக்கேன். நாய் தோண்டின பள்ளம் எனக்குத் தெரியாதா?"

ஃபெர்கஸ் ஐந்து மாதமாக ஒரு ரகசியத்தை மூடி மூடிக் காத்துக்கொண்டிருந்தான். அது ரகசியமே இல்லை. தினமும் பத்து மணிக்கு அது வாசலுக்கு வந்து, 'எழுதியாச்சா?' என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறது.

"தெரிஞ்சும் ஏன்டா சும்மா இருந்தே?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன். பந்த எடுக்கும்போது சொல்லுவேன்னு நினைச்சேன். அடுத்த குழில சொல்லுவேன்னு நினைச்சேன். கைகுடுக்கும்போது கேக்கக்கூடச் செஞ்சேன், அப்புறம்னு. நல்லா ஆடினேன்னியே, பாவி!"

ஃபெர்கஸ் தலையைக் குனிந்துகொண்டான். அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் மனித வாய் லேசில் அடங்காதே. "இப்பதான் சட்டம் மாறிடுச்சே," என்றான். "ஜனவரிலேருந்து நாய்ப் பள்ளத்துக்கும் உண்டாம். ஒரு வகையில பாத்தா..."

"அப்ப எங்கிட்ட எதுக்குச் சொல்றே?" டூகலின் குரல் முதல்தடவையாக உயர்ந்தது. "இதையும் தண்டனை இல்லாம கையால எடுத்து நல்ல புல்லுல வச்சுக்கலாம்னு பாக்கறியா? நான் 'பரவால்லப்பா' சொல்லணும், நீ வீட்டுக்குப் போய்த் தூங்கணும், அதானே? எங்கிட்ட அந்த நிவாரணமெல்லாம் கிடையாது. சொல்லணும்னா சங்கத்துல எல்லார் முன்னாடியும் சொல்லு."

கடிதத்தை அவன் கையில் திணித்துவிட்டுப் போனான். மின்சார பில்.

ஜனவரி வருடாந்தரக் கூட்டம். வரவு செலவு வாசித்து முடிந்தது. மைதான ஊழியருக்கு நன்றி சொன்னார்கள். வேறு ஏதாவது உண்டா என்று கில்கிரைஸ்ட் கேட்டார். ஃபெர்கஸ் எழுந்தான்.  

"போன ஜூலைல பதினாறாம் குழியில நான் பந்த எடுத்தது முயல் வளைலேருந்து இல்ல. என் நாய் தோண்டின பள்ளத்துலேருந்து. எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சே டூகல்கிட்ட முயல்னு சொன்னேன். அந்தப் பட்டம் எனக்கு இல்ல."

 கில்கிரைஸ்ட் சத்தமாகச் சிரித்தார். "அட, இதுக்கா இந்த மூஞ்சி? இப்பதான் சட்டமே மாறிடுச்சே! நாயும் சேர்த்தின்னு மிஸ் வாசிச்சாங்கல்ல? விடுய்யா!"

"இதச் சொல்றதுக்கே ஒரு நெஞ்சு வேணும்," என்றான் இன்னொருவன். "ஃபெர்கஸ்னா ஃபெர்கஸ்தான்!"

யாரோ கைதட்டினார்கள். அப்புறம் எல்லாரும் தட்டினார்கள். ஃபெர்கஸுக்குக் காது இரண்டும் எரிந்தன. ஏமாற்றிப் பட்டம் வாங்கினான். அதைச் சொன்னதற்கு இப்போது முன்னைவிடப் பெரிய நல்ல பெயரும் கிடைக்கிறது. முகத்தில் துப்பியிருந்தால்கூட இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது. கைதட்டாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் மிஸ் நேர்ன். இன்னொருவன் டூகல்.

மிஸ் நேர்ன் பழைய சட்டப் புத்தகத்தால் மேசையில் ஒரு தட்டுத் தட்டினார். "நாடகம் முடிஞ்சுதா? ஜூலைல நடந்த ஆட்டத்துக்கு ஜூலைச் சட்டம்தான். முடிவு அறிவிச்ச பிறகு மாத்த முடியாது. ஆனா ஒருத்தர் தெரிஞ்சே தப்பான தகவல் குடுத்திருந்தா, எப்ப வேணா மாத்தலாம். அவரே தெரிஞ்சுதான் சொன்னேங்கிறார். பதினாறாம் குழி டூகலுக்கு. கடைசி ரெண்டும் சமம். ஆகவே சாம்பியன் டூகல் ஸ்மீட்டன்."

எல்லாரும் டூகலைப் பார்த்தார்கள். நான்கு முறை இறுதிவரை வந்தவன். அவன் மெதுவாக எழுந்து தொப்பியைக் கையில் சுருட்டினான்.

"எனக்கு வேணாம் மிஸ்."

"என்னப்பா உளறுற?" என்றார் கில்கிரைஸ்ட்.

"அந்தப் பள்ளம் நாய் தோண்டினதுன்னு எனக்கும் தெரியும். ஒரு வார்த்தை 'இல்ல'ன்னு சொல்லியிருந்தா அங்கயே முடிஞ்சிருக்கும். சொல்லல. இவன் எப்பேர்ப்பட்ட ஆளுன்னு பாப்போம்னு நின்னேன். மிச்ச ரெண்டு குழியும் நான் ஆடவே இல்ல, இவன் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். கூட்டாளிய வேவு பாத்தவன் பேரு அந்தப் பலகைல வேணாம்."

"அப்ப 2018க்கு எதிரே என்னதான் எழுதறது?" என்று கேட்டார் கில்கிரைஸ்ட்.

"வருஷத்த எழுதட்டும். பக்கத்துல ஒண்ணும் வேணாம்." டூகல் ஃபெர்கஸைப் பார்க்காமலே சொன்னான். "யாராவது ஏன்னு கேட்டா, இவன் சொல்லட்டும். வேற யாரும் சொல்லக்கூடாது."

அப்படித்தான் தீர்மானமாயிற்று. மிஸ் நேர்ன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அந்த வாரமே ஃபெர்கஸ் ஏணி போட்டு ஏறி, 2018 என்று தங்கத்தில் எழுதினான். அப்பா பெயர் கண்ணுக்கு நேரே இருந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல் இறங்கினான். பக்கத்தில் வெறும் கருவாலி மரம்.

மார்ச்சில் வெளியூர்க்காரர்கள் ஆட வர ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் குடிக்க உட்கார்ந்ததும் கண் முதலில் போவது அந்த வெற்றிடத்துக்குத்தான். "அந்த வருஷம் போட்டி நடக்கலையா?" என்பார்கள். கோப்பை கழுவுகிறவர் தலையைக்கூட நிமிர்த்தாமல், "அவர்கிட்ட கேளுங்க," என்று ஃபெர்கஸைக் காட்டுவார்.

முதல்முறை ஒரு டண்டீக்காரர் கேட்டார். ஃபெர்கஸ் முழுக்கச் சொன்னான். கடைசியில், "ஆனா இப்ப சட்டம் மாறிடுச்சு. இன்னிக்குன்னா தப்பே இல்ல," என்று சேர்த்துக்கொண்டான். டண்டீக்காரர் விழுந்து விழுந்து சிரித்து, முதுகில் தட்டி, அவனுக்கு ஒரு விஸ்கி வாங்கிக் கொடுத்தார். ஜன்னலோரம் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த டூகல் தாளை மடித்து வைத்துவிட்டு வெளியே போய்விட்டான். இரண்டாம் முறையும் அப்படி. மூன்றாம் முறையும் அப்படி. தாளை மடிக்கிற சத்தம் ஃபெர்கஸுக்குக் கனவில்கூடக் கேட்டது.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, பெர்த்திலிருந்து வந்த ஒரு பெண்மணி கேட்டார். நல்ல ஆட்டக்காரி என்று பேச்சிலேயே தெரிந்தது. ஃபெர்கஸ் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான். காலையில் நாயோடு போனது, மூடாமல் வந்தது, மூட்டம், அறுபது காலடி, எல்லாம் சொன்னான். கடைசி இடத்துக்கு வந்தான். ஜன்னலோரம் டூகலின் கை செய்தித்தாளின் ஓரத்தில் இருந்தது.

ஃபெர்கஸ் நிறுத்திக்கொண்டான்.

"ஆனா நாய்ப் பள்ளத்துக்குத்தான் இப்ப நிவாரணம் உண்டே?" என்றார் அந்த அம்மாள். நல்ல மனசோடுதான் சொன்னார்.

"உண்டுங்க," என்றான் ஃபெர்கஸ். "ஆனா நான் முயல்னுல்ல சொன்னேன்."

அவர் சிரிக்கவும் இல்லை, முதுகில் தட்டவும் இல்லை. கொஞ்ச நேரம் பலகையையே பார்த்துவிட்டு, தன் கோப்பையை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனார். ஃபெர்கஸ் அங்கேயே நின்றான். முகம் எரிந்தது. முதல்தடவையாக அந்த எரிச்சலை அவன் தட்டிவிடப் பார்க்கவில்லை.

டூகல் தாளை மடிக்கவில்லை. ஒரு பக்கத்தைப் புரட்டினான். பெயரில்லாத அந்த 2018 பக்கம் தலையை நிமிர்த்தாமலே சொன்னான்.

"நாளைக்கு எட்டரைக்கு. நாயக் கூட்டிட்டு வராத."